அடுப்பு மூட்டியவர்களின் வீடு: மவுண்ட் வெர்னானும் 18-ஆம் நூற்றாண்டின் அன்றாடமும்

மவுண்ட் வெர்னான் மாளிகையின் வெளிச்சுவர் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் கல்லால் எழுப்பியதாகவே தோன்றும். அருகே போனால் அது மரம் என்று தெரியும். பலகைகளின் ஓரங்களைச் சரிவாகச் செதுக்கி, கல் அடுக்கிய கோடுகள் விழும்படி செய்து, ஈரம் காயாத பூச்சின்மேல் மணலை வீசி ஒட்டவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் தன் வீட்டை உலகுக்கு எப்படிக் காட்ட விரும்பினார் என்பது அந்தச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. பலகையைச் செதுக்கியதும் மணல் சலித்ததும் யார் கைகள் என்பதைச் சுவர் சொல்லாது.

வர்ஜீனியா மாநிலத்தில், பொடோமக் ஆற்றங்கரையில், இன்றைய வாஷிங்டன் நகருக்குத் தெற்கே சுமார் 24 கிலோமீட்டரில் இருக்கிறது இந்த வீடு. வாஷிங்டனின் தந்தை 1730-களில் கட்டிய சிறிய வீட்டை மகன் இரண்டு கட்டமாகப் பெரிதாக்கினார். 1758-இல் மேலே ஒரு தளம் எழுந்தது. 1774-க்குப் பிறகு இரு பக்கங்களிலும் அறைகளும், ஆற்றைப் பார்த்து உயர்ந்த தூண்களோடு நீண்ட தாழ்வாரமும் சேர்ந்தன. வீட்டைச் சுற்றி ஐந்து பண்ணைகளாகச் சுமார் 8,000 ஏக்கர் நிலம் இருந்தது. இன்று இது அமெரிக்காவில் மக்கள் மிகுதியாக வந்து பார்க்கும் நினைவு இல்லங்களில் ஒன்று.

18-ஆம் நூற்றாண்டின் அன்றாட வாழ்க்கையை நேரில் உணரலாம் என்பதுதான் இத்தகைய இல்லங்கள் வருவோருக்குத் தரும் வாக்கு. அந்த வாக்கை எந்த அளவுக்கு நிறைவேற்ற முடியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கட்டிலும் நாற்காலியும் பீங்கானும் இருநூறு ஆண்டு தாண்டி நிற்கும். அன்றாடம் என்பதோ பெரும்பாலும் வேலை: விறகு வெட்டுவது, தண்ணீர் சுமப்பது, மாவு பிசைவது, சாம்பல் அள்ளுவது. செய்த அன்றே தீர்ந்துபோகும் இந்த வேலைகள் பொருளாக மிஞ்சுவதில்லை. ஆகவே நினைவு இல்லத்தில் நாம் காணும் அன்றாடம் அப்படியே காப்பாற்றி வைத்த ஒன்று அல்ல. ஆய்வாளர்கள் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்தது. எந்த வேலையைத் தேடுகிறோம், யாருடைய வேலையைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே அங்கே தெரியும் நூற்றாண்டு அமைகிறது.

காப்பாற்றியவர்கள் காப்பாற்றியது

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வீடு சிதிலமடைந்து கிடந்தது. தாழ்வாரத்தின் கூரை சரிந்துகொண்டிருந்தது. நடுவண் அரசும் வர்ஜீனியா அரசும் அதை வாங்க முன்வரவில்லை. தென் கரோலினாவைச் சேர்ந்த ஆன் பமேலா கன்னிங்ஹம் என்ற பெண்மணி 1853-இல் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். அதிலிருந்து மவுண்ட் வெர்னான் பெண்கள் சங்கம் பிறந்தது. மாநிலந்தோறும் நிதி திரட்டி, 1858-இல் 2,00,000 டாலருக்கு விலை பேசி, 1860-இல் வீட்டைக் கைக்கொண்டார்கள். பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலத்தில், அரசுகள் கைவிட்டதைப் பெண்கள் எடுத்து நிறுத்தினார்கள். அமெரிக்காவில் நினைவு இல்லங்களைக் காக்கும் முயற்சிகளுக்கு அதுவே முன்மாதிரியானது. இன்றும் அரசு நிதி இல்லாமல் அதே சங்கம்தான் வீட்டை நடத்துகிறது.

ஆனால் அவர்கள் காக்க நினைத்தது தேசத் தந்தையின் திருவிடத்தை. வாஷிங்டன் உயிர்விட்ட கட்டில், பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் அனுப்பிய பாஸ்டில் சிறைச்சாலைச் சாவி, எழுதும் மேசை ஆகியவற்றைச் சுற்றியே வீட்டின் கதை நெடுங்காலம் சொல்லப்பட்டது. அடிமைகள் தங்கியிருந்த நீண்ட செங்கல் கட்டடம் 1835-இலேயே தீயில் போயிருந்தது; 1951-இல்தான் அதைத் திரும்பக் கட்டினார்கள். அடிமைகளைப் புதைத்த இடத்தில் 1929-இல் ஒரு சிறிய கல்லும், 1983-இல் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்த நினைவுச் சின்னமும் வந்தன. பண்ணைக் குடிசை ஒன்றின் மறுவடிவம் 2007-இல் எழுந்தது. வீட்டை மீட்டு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகே அங்கு வாழ்ந்தவர்களில் பெரும்பான்மையோருக்கு ஒரு கூரை காட்டப்பட்டது.

பெரும்பான்மை என்பது வெறும் பேச்சுக்காக அல்ல. 1799-இல் வாஷிங்டன் தன் கையாலேயே எழுதிய பட்டியலில் 317 அடிமைகள் இருக்கிறார்கள். அவர்களில் 123 பேர் அவருக்குச் சொந்தம். 153 பேர் மனைவி மார்த்தாவின் முதல் கணவரின் சொத்திலிருந்து வந்தவர்கள். சட்டப்படி அவர்கள் மார்த்தாவின் காலத்துக்குப் பின் அந்த முதல் கணவரின் கஸ்டிஸ் குடும்ப வாரிசுகளுக்குப் போக வேண்டியவர்கள். மீதி 41 பேர் பக்கத்து நிலக்கிழாரிடமிருந்து வாடகைக்கு எடுத்தவர்கள். மாளிகைக்குள் வாழ்ந்த குடும்பத்தையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு நாளின் உழைப்பு

வாஷிங்டனின் ஒழுங்கான நாள் புகழ்பெற்றது. விடியுமுன் எழுந்து படிப்பறையில் கடிதங்கள் எழுதுவார். ஏழு மணிக்குக் காலை உணவு: மக்காச்சோள மாவில் தட்டிய அடை, அதன்மேல் வெண்ணெயும் தேனும், கூடவே தேநீர். பிறகு குதிரையேறி ஐந்து பண்ணைகளையும் சுற்றிவருவார். பிற்பகல் மூன்று மணிக்குப் பெரிய விருந்து. மாலையில் தேநீர். இரவு ஒன்பது மணிக்குப் படுக்கை. வீட்டைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் இந்த நிரலைச் சொல்லும்போது வருவோர் வியப்பார்கள். ஒழுக்கம் நிறைந்த ஒரு மனிதரின் சித்திரம் அதில் தெரிகிறது.

அதே நாளைச் சமையற்கட்டிலிருந்து பார்த்தால் வேறொரு நிரல் தெரியும். தீ, வெப்பம், நாற்றம் ஆகியவற்றை மாளிகையிலிருந்து தள்ளிவைக்கச் சமையற்கட்டைத் தனிக் கட்டடமாக வைத்திருந்தார்கள். தூண்கள் நிரைத்த திறந்த நடைபாதை ஒன்று இரண்டையும் இணைத்தது. ஏழு மணி அடை ஏழு மணிக்கு மேசையில் இருக்க வேண்டுமானால் இருட்டிலேயே அடுப்பு எரிய வேண்டும். 1799-இல் அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டவர்கள் லூசி, நேதன் என்ற இருவர். லூசியின் தாய் டால், 1759-இல் மார்த்தா மணமாகி வந்தபோது உடன் கொண்டுவரப்பட்ட சமையற்காரி. லூசியின் கணவர் ஃபிராங்க் லீ மாளிகையில் பரிமாறும் பணியாளர்களுக்குத் தலைவர். ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறை அந்த நடைபாதையின் ஒரு முனையில் சமைத்து மறுமுனையில் பரிமாறியது.

விருந்தாளிகள் ஓயாமல் வந்தார்கள். 1798-இல் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் மாளிகையில் விருந்துண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் படுக்கை விரிக்க வேண்டும், அறையில் கணப்பு மூட்ட வேண்டும், முகம் கழுவ வெந்நீர் மாடிக்கு ஏற வேண்டும், கழிவுப் பாத்திரம் கீழே இறங்க வேண்டும். பிறகு விரிப்புகள் துவைக்கும் கட்டடத்துக்குப் போகும். அங்கே கிணற்றுத் தண்ணீரைக் கொப்பரையில் கொதிக்கவைத்துத் துவைத்தார்கள். அக்கால விருந்தோம்பலைப் பற்றி எழுதுபவர்கள் வீட்டுக்காரரின் பெருந்தன்மையைச் சொல்வார்கள். அந்தப் பெருந்தன்மையை வாளி வாளியாகச் சுமந்தவர்கள் வேறு.

இந்த வீட்டின் அன்றாடத்தை மிக நெருக்கமாகக் காட்டும் காலைப்பொழுது ஒன்று பதிவாகியிருக்கிறது. 1799 டிசம்பர் 14. இரண்டு நாள் முன்பு பனியிலும் மழையிலும் குதிரையேறிச் சுற்றிய வாஷிங்டன் அதிகாலை இரண்டு மூன்று மணிவாக்கில் மூச்சுத் திணறி விழித்தார். மார்த்தா எழுந்து ஆளைக் கூப்பிட முற்பட்டார். கணப்பு அணைந்த அறையில் எழுந்தால் குளிர் பிடித்துவிடும் என்று வாஷிங்டன் அவரைத் தடுத்தார். நாட்டிலேயே புகழ் மிக்க அந்த மனிதரும் அவர் மனைவியும் விடியும்வரை அப்படியே காத்திருந்தார்கள். கரோலின் என்ற பணிப்பெண் வழக்கம்போல் கணப்பு மூட்ட உள்ளே வந்த பிறகே, அவரை அனுப்பிச் செயலாளர் டோபயஸ் லியரை அழைத்தார்கள். மருத்துவர்கள் வந்தார்கள், திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல் உயிர் பிரிந்தது.

லியர் எழுதிவைத்த குறிப்பில் அந்த அறையில் இருந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. கரோலின், மோலி, ஷார்லட் மூவரும் கதவருகே நின்றிருந்தார்கள். கிறிஸ்டஃபர் ஷீல்ஸ் என்ற இளைஞர் கட்டிலருகே நாள் முழுவதும் நின்றுகொண்டிருந்தார். பிற்பகலில் அதைக் கவனித்த வாஷிங்டன் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். நால்வரும் அடிமைகள். குளிர்கால வீடு எப்படி இருந்தது, ஓர் ஆள் வந்து தீ மூட்டும்வரை எதுவும் நகராது என்பது எப்படிப்பட்டது, யார் நின்றார்கள், யார் உட்கார்ந்தார்கள் என்பதையெல்லாம் இந்த ஒரு குறிப்பு சொல்லிவிடுகிறது. அந்தக் கட்டில் இன்றும் அந்த அறையில் இருக்கிறது. கணப்பும் இருக்கிறது. கட்டிலைப் பார்த்துவிட்டு நகர்பவர் ஒரு பெரிய மனிதரின் மரணத்தை அறிகிறார்; கணப்பையும் பார்ப்பவர் அந்த வீடு இயங்கிய விதத்தை அறிகிறார்.

ஏட்டில் கிடைப்பது

கரோலினைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் வாஷிங்டனின் கணக்குகளிலிருந்துதான். அவர் எல்லாவற்றையும் எழுதிவைத்தவர். பண்ணை மேற்பார்வையாளர்கள் வாரந்தோறும் அறிக்கை தர வேண்டும்: யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள், யார் நோயில் படுத்தார்கள், மழையில் எத்தனை நாள் வீணாயின. குடியரசுத் தலைவராகப் பிலடெல்ஃபியாவில் இருந்தபோதும் அந்த அறிக்கைகளைப் படித்துப் பதில் எழுதினார். 1792 டிசம்பரில் எழுதிய ஒரு கடிதத்தில், தையல் பெண்கள் வாரத்துக்கு ஆறு சட்டைகள்தான் தைக்கிறார்கள், கரோலின் நோய் எதுவும் இல்லாமலே ஐந்துதான் தைத்திருக்கிறார், வழக்கமான அளவு ஒன்பது என்று மார்த்தா சொல்கிறார் என முறையிடுகிறார்.

இந்த முறையீடு நமக்கு இரண்டு வகையில் பயன்படுகிறது. ஒரு வாரத்தில் ஒரு பெண்ணின் ஊசி எவ்வளவு நகர்ந்தது என்ற அளவு அதில் கிடைக்கிறது. எசமானி வீட்டில் இருக்கும்போது ஒன்பது, இல்லாதபோது ஐந்தோ ஆறோ என்ற இடைவெளியும் கிடைக்கிறது. கட்டாயத்தின் கீழ் வேலை செய்தவர்கள் தங்கள் உடலுக்கும் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் நேரத்தை எப்படி மீட்டுக்கொண்டார்கள் என்பதற்கு அந்த இடைவெளியே சான்று என்று படிப்பது நியாயம். கண்காணிப்பதற்காக எழுதிய ஏடு, கண்காணிக்கப்பட்டவர்களின் எதிர்ப்பையும் சேர்த்தே பதிந்துவிட்டது.

வாஷிங்டன் இறந்த பின் எடுத்த சொத்துப் பட்டியல் இன்னொரு மூலம். அறை அறையாகச் சென்று என்ன இருக்கிறது, என்ன விலை பெறும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். எந்த அறையில் எத்தனை நாற்காலி என்ற இன்றைய காட்சி அமைப்பு இதை வைத்தே நடக்கிறது. ஆனால் பட்டியல் விலையுள்ளதை மட்டும் பார்க்கும். துடைப்பம், கிழிந்த போர்வை, அடிமைக் குடிசையில் இருந்த தட்டு ஆகியவற்றைத் தேட வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

மண்ணில் கிடைப்பது

மாளிகைக்கு அருகே 'குடும்பங்களின் வீடு' என்று குறிப்பிடப்பட்ட ஒரு கட்டடம் இருந்தது. வீட்டுவேலை செய்த அடிமைகளும் கைவினைஞர்களும் அங்கே குடியிருந்தார்கள். 1790-களின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டது. 1980-களில் அகழ்ந்தபோது அதன் சிறிய நிலவறை கிடைத்தது. அங்கே வாழ்ந்தவர்கள் எறிந்த குப்பை அதை நிரப்பியிருந்தது.

வாஷிங்டனின் ஏடுகளின்படி அடிமைகளுக்குக் கொடுத்த உணவு மக்காச்சோள மாவும் உப்பிட்ட மீனும். இளவேனிலில் பொடோமக் ஆற்றில் ஏறிவரும் ஹெர்ரிங் மீனை வலைவீசிப் பிடித்துப் பீப்பாய்களில் உப்பிட்டு ஆண்டு முழுக்க அளந்து கொடுத்தார்கள். ஏட்டை மட்டும் படித்தால் அவர்கள் சாப்பிட்டது அவ்வளவே. நிலவறைக் குப்பையோ காட்டு விலங்குகள், பறவைகள், ஆற்று மீன்கள் எனப் பலவகை எலும்புகளை வெளியே கொண்டுவந்தது. துப்பாக்கிக்கான சக்கிமுக்கிக் கல்லும் ஈயக் குண்டுகளும் கூடவே கிடைத்தன. பகலெல்லாம் எசமானுக்கு உழைத்தவர்கள் மிச்ச நேரத்தில் வேட்டையாடினார்கள், மீன் பிடித்தார்கள், தங்கள் சட்டியைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்.

எழுத்துச் சான்றும் இதற்கு ஒத்துப்போகிறது. ஆப்பிரிக்காவில் பிறந்து இங்கே தச்சராக உழைத்த சாம்போ ஆண்டர்சனிடம் வாஷிங்டன் தேன் வாங்கியிருக்கிறார். விடுதலைக்குப் பிறகு ஆண்டர்சன் வேட்டையாடிய பறவைகளை விற்றுப் பிழைத்தார். 1798-இல் வந்த போலந்து நாட்டு எழுத்தாளர் நியெம்செவிச், பண்ணைக் குடிசைகள் தன் நாட்டுக் குடியானவர்களின் குடிசைகளைவிட மோசமாக இருந்ததாக எழுதினார்; அவற்றின் பக்கத்திலேயே சிறு காய்கறிப் பாத்தியும் குஞ்சுகளோடு கோழிகளும் கண்டதாகவும் குறித்தார். காலை உணவு மேசையில் வாஷிங்டன் அடைமேல் ஊற்றிக்கொண்ட தேனில் ஒரு பகுதி, அடிமை ஒருவர் தன் சொந்த நேரத்தில் சேர்த்ததாக இருக்கலாம். இரண்டு உலகங்கள் எங்கே தொட்டுக்கொண்டன என்பதை இப்படித்தான் காணமுடிகிறது.

அண்மையில் மாளிகையின் நிலவறையிலேயே ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அடித்தளத்தைப் பழுதுபார்க்கும் பணிக்கு முன்னோடியாக அகழ்ந்தபோது, தரைக்கடியில் ஐந்து சேமிப்புக் குழிகளில் 35 கண்ணாடிப் புட்டிகள் இருந்ததாக 2024-இல் அறிவித்தார்கள். 29 புட்டிகள் உடையாமல் இருந்தன. உள்ளே செர்ரியும் பிற பழங்களும். செர்ரிகளின் கொட்டையும் காம்பும்கூட அழியவில்லை. அமெரிக்கப் புரட்சிக்கு முன் யாரோ ஒரு கோடையில் மரத்திலிருந்து பறித்து, புட்டியில் அடைத்து, குளிர்ந்த மண்ணில் புதைத்து, பிறகு எடுக்காமலே விட்டவை. அக்காலச் சமையற்கட்டு டாலின் பொறுப்பில் இருந்தது. பழம் பதப்படுத்திய வேலையும் அவரையோ அவரோடு வேலை செய்தவர்களையோ சேர்ந்தது என்று கொள்வதே பொருத்தம். தன் பெயரைத் தானே எழுதி வைக்க வழியில்லாத ஒரு பெண்ணின் கைத்திறமை, எந்தக் கணக்கேட்டின் துணையும் இல்லாமல் இப்படி நம் கைக்கு வந்திருக்கிறது.

சுவரில் கிடைப்பது

மூன்றாவது மூலம் வீட்டின் தோல். நெடுங்காலம் பழைய வீடுகளின் உள்சுவர்களுக்கு மங்கலான நிறங்களையே பூசிவந்தார்கள். பழைமை என்றால் வெளிறியது என்பது பொதுக் கருத்து. பிறகு பூச்சுத் துணுக்குகளை எடுத்து நுண்நோக்கியின் கீழ் அடுக்கடுக்காகப் பார்க்கத் தொடங்கினார்கள். மவுண்ட் வெர்னானின் சிறிய உணவறையில் செம்புக் களிம்பிலிருந்து எடுத்த பளிச்சென்ற பச்சை வெளிப்பட்டது. அக்காலத்தில் அது விலையுயர்ந்த நிறம். மெழுகுவத்தியின் குறைந்த ஒளியில் அது மின்னியிருக்கும். வந்தவர்களுக்கு வீட்டுக்காரரின் செல்வத்தைச் சொல்லியிருக்கும். மின்விளக்கில் பழகிய நம் கண்ணுக்கு மிகையாகத் தோன்றும் நிறத்துக்கு, அந்த இருட்டான மாலைகளில் ஒரு காரணம் இருந்தது.

உணர முடியாதது

இத்தனை சான்றுகளைச் சேர்த்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. திரும்பக் கட்டிய அடிமைக் குடியிருப்பில் சுவரோரம் அடுக்குக் கட்டில்கள், கணப்பு, ஒரு மேசை எல்லாம் இருக்கின்றன. அறை சுத்தமாக இருக்கிறது. பார்ப்பவர், 'பரவாயில்லையே, ஓரளவு வசதியாகத்தான் இருந்திருக்கிறார்கள்' என்று நினைத்துவிட இடமிருக்கிறது. நாளை உன் பிள்ளை உன்னோடு இருப்பானா என்ற அச்சத்தை எந்தத் தச்சரும் அந்த அறைக்குள் செய்து வைக்க முடியாது.

அந்த அச்சத்தைக் காட்டுபவை மனிதர்களின் கதைகள். பிலடெல்ஃபியாவில் தலைவரின் இல்லத்தில் பணிபுரிந்த ஓனா ஜட்ஜ் 1796 மே மாதத்தில் தப்பி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். முதுமையில் தன் கதையைத் தானே செய்தித்தாளுக்குச் சொன்னார். புகழ்பெற்ற சமையற்காரர் ஹெர்குலிஸ் 1797-இல் மவுண்ட் வெர்னானிலிருந்து ஓடினார். சில வாரங்களில் அங்கு வந்த பிரெஞ்சு இளவரசர் லூயி பிலிப், ஹெர்குலிஸின் சிறு மகளிடம் தன் பணியாளர் பேசியதைக் குறித்திருக்கிறார்: அப்பாவைப் பார்க்க முடியாதே என்று கேட்டதற்கு, அப்பா இப்போது விடுதலையாகிவிட்டார், அதனால் மகிழ்ச்சிதான் என்று அந்தக் குழந்தை பதில் சொன்னாள். கட்டிலருகே நாள் முழுக்க நின்ற கிறிஸ்டஃபர் ஷீல்ஸ், அதற்கு மூன்று மாதம் முன்புதான் மனைவியோடு தப்பத் திட்டமிட்டு, எழுதிய சீட்டு வாஷிங்டன் கையில் சிக்கியதால் பிடிபட்டிருந்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படுக்கையறையில் நிற்பது வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

வாஷிங்டனின் உயிலின்படி தன் காலத்துக்குப் பிறகே விடுதலை பெற வேண்டியிருந்த அவருடைய அடிமைகளுக்கு, 1801 ஜனவரி முதல் நாளிலேயே மார்த்தா விடுதலை அளித்தார். கரோலினும் ஷீல்ஸும் கஸ்டிஸ் சொத்தைச் சேர்ந்தவர்கள். 1802-இல் மார்த்தா இறந்ததும் அவர்கள் உள்ளிட்டோர் நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டார்கள். ஒரே குடும்பத்தில் விடுதலை பெற்றவரும் பெறாதவரும் இருந்தார்கள்.

நினைவு இல்லத்திடம் எதைக் கேட்க வேண்டும்

அக்கால உடையணிந்து அடுப்பூதிக் காட்டுவதும், சோள அடையைச் சுட்டு ருசிபார்க்கக் கொடுப்பதும் பயனுள்ளவைதாம். கையால் மாவரைத்துப் பார்த்தவருக்கு உழைப்பின் எடை கொஞ்சம் தெரியும். ஆனால் அரை மணி நேரம் விரும்பிச் செய்யும் வேலைக்கும், வாழ்நாள் முழுக்கக் கட்டாயத்தில் செய்யும் வேலைக்கும் இடையே உள்ள தூரத்தை உடையும் அடுப்பும் கடக்க முடியாது. அங்கே உணர்வுக்குப் பதில் அறிவே வேலை செய்ய வேண்டும். பெயர், வயது, உறவு, வாரத்துக்கு எத்தனை சட்டை, நாளுக்கு எவ்வளவு மாவு, யார் யாரைப் பிரிந்தார்கள் என்ற உறுதியான தகவல்களே நம்மை அந்த நூற்றாண்டுக்கு அருகே கொண்டுசெல்கின்றன.

ஆகவே ஒரு நினைவு இல்லத்தின் தரத்தை அதன் பழம்பொருள்களின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. ஒவ்வொரு அறையும் எந்தச் சான்றின்மேல் நிற்கிறது, எது ஏட்டிலிருந்து வந்தது, எது மண்ணிலிருந்து வந்தது, எது ஆய்வாளரின் ஊகம் என்பதை வருவோருக்குத் திறந்து சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அறையை அன்றாடம் இயக்கியவர்களை அங்கேயே, அவர்கள் பெயரோடு சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்களைத் தோட்டத்தின் கோடியில் ஒரு தனிக் குடிசையில் ஒதுக்கிவிட்டு மாளிகையில் எசமானரின் கதையை மட்டும் சொல்வது, 18-ஆம் நூற்றாண்டின் பிரிவினையை இன்றைக்கும் தொடர்வதே ஆகும். மவுண்ட் வெர்னான் இந்தத் திசையில் நடக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அங்கே சேர்த்த சான்றுகள் இப்போது எல்லோர் முன்னும் இருக்கின்றன. இனி எந்த நாட்டின் எந்தப் பெருவீட்டுக்கும், அதைத் தாங்கியவர்களைப் பற்றி எதுவும் கிடைக்கவில்லை என்று தேடாமலே சொல்லிவிட உரிமை இல்லை.